தொண்ணூற்றைந்து என்று என் மூக்கு சொல்லவில்லை

டேஸ்டிங் ரூமுக்குள் புதிதாகக் காலடி வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு முதலில் ஒரு எச்சரிக்கை. இதை எழுதுகிறவன் குன்னூரில் ஒரு தேயிலை புரோக்கர் ஆபீசில் முப்பத்தோரு வருடம் டீயை உறிஞ்சித் துப்பிச் சம்பளம் வாங்கியவன். துப்பினால் காசு கொடுக்கும் உத்தியோகம் வேறு ஏதாவது இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. பெண் கொடுத்தபோது என் மாமனார் சொந்தக்காரர்களிடம் "மாப்பிள்ளை தேயிலைக் கம்பெனியில ஆபீசர்" என்றுதான் சொல்லி வைத்திருந்தார். துப்புகிற விஷயம் கல்யாணம் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது.

ஆபீசில் என் பெயர் 'மூக்கு'. கோப்பையில் உதடு படுவதற்கு முன்பே, ஆவியை மோந்து பார்த்தே, இலை எந்தச் சரிவில் வளர்ந்தது என்று சொல்வேன் என நானே ஒரு புரளியைக் கிளப்பிவிட்டிருந்தேன். பத்து வருடம் போனதும் அதை நானே நம்ப ஆரம்பித்துவிட்டேன்.

வேலை உங்களுக்குத் தெரியும். ஏலத்துக்கு வரும் தேயிலையின் சாம்பிளை ஃபேக்டரிகள் அனுப்புகின்றன. நாம் ருசி பார்த்து மதிப்புப் போடுகிறோம். இதற்குக் கீழே விற்க வேண்டாம் என்று ஒரு எண்ணை விற்பவரிடம் சொல்கிறோம். அவர் சரி என்றதும் அதை மிஷினில் ஏற்றுகிறோம். அதுதான் ரிசர்வ். வாங்குகிறவர்களின் திரையில் அது தெரியாது. இதெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் சொல்லிக் கொடுக்காத ஒன்றை நான் எழுதப் போகிறேன். என் மானம் கொஞ்சம் போகும். பரவாயில்லை, பென்ஷனில் கை வைக்க மாட்டார்கள்.

என்னை இந்தத் தொழிலில் சேர்த்துக்கொண்ட பெரியவர் சுத்தியலைத் தட்டி ஏலம் விட்ட காலத்து மனிதர். கூட்டம் மந்தமாக இருந்தால் இருமுவார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தண்ணீர் கேட்பார். அதற்குள் பின்வரிசையில் யாராவது கையைத் தூக்கிவிடுவார்கள். ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறிய புதிதில் அவர் திரையை முறைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்தப் பொட்டிக்கு இருமத் தெரியாதுப்பா. நேரம் முடிஞ்சா முடிஞ்சதுதான். நீ முன்னாடியே எழுதி வெக்கிற நம்பர்தான் உனக்குப் பதிலா அங்க நிக்கும்."

நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு எப்போதுமே நல்ல பெயர்.

அது ஒரு ஐப்பசி. நான் ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் இருந்தது. குன்னூரில் நான்கு நாளாக மழை விடவில்லை. எனக்கு ஜலதோஷம். சாதாரண ஜலதோஷம் இல்லை. காலையில் வீட்டில் பால் தீய்ந்து, பாத்திரம் கருகி, பக்கத்து வீட்டு அம்மா ஓடி வந்து கதவைத் தட்டும் வரை, அடுப்புக்கு மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவன் நான். அதே மூக்கோடு ஆபீசுக்குப் போனேன்.

லீவ் போட்டிருக்கலாம். பக்கத்து மேஜைக்காரரிடம் "இன்னிக்கு நீங்க பாருங்க" என்று சொல்லியிருக்கலாம். 'மூக்கு' என்று பெயர் எடுத்தவன் மூக்கடைப்பு என்று எப்படிச் சொல்வான்? அன்றைக்குத்தான் ஏலப் பட்டியலான கேட்டலாக்கை மூட வேண்டிய நாள் வேறு. வரிசையாக இருநூறு கோப்பை. நான் உறிஞ்சியது அத்தனையும் வெந்நீர். இருநூறு விதமான வெந்நீருக்கு இருநூறு குறிப்பு எழுதினேன். "நல்ல நிறம்" என்று எழுதினேன், கண் நன்றாகத்தான் இருந்தது. "காரம் போதாது" என்று எழுதினேன், அது பொய். மதிப்புக்கு என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு சாம்பிள் டப்பாவிலும் ஃபேக்டரி பெயர் இருக்கும். பெயரைப் பார்த்தேன், போன ஏலத்தில் அவர்களுக்கு என்ன போட்டோம் என்று பழைய ஷீட்டைப் பார்த்தேன், அதையே எழுதினேன். ஒன்றிரண்டு இடத்தில் ஒரு ரூபாய் கூட்டிக் குறைத்தேன், ருசி பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று.

அந்த இருநூறில் ஒன்று கீழ் கோத்தகிரி பக்கம் இருந்து வந்தது. இருபத்தெட்டு சிறு விவசாயக் குடும்பங்கள் சங்கமாகச் சேர்ந்து நடத்தும் சின்ன ஃபேக்டரி. அதன் செயலாளர் ஸ்டெல்லா டீச்சர். கோத்தகிரியில் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இரண்டு ஏக்கர் தேயிலை வைத்திருந்தார். அவர்களுடைய டீ எப்போதும் சுமார்தான். இலையைக் கத்திரியால் வெட்டுவார்கள். முற்றிய இலை, குச்சி, காம்பு எல்லாம் சேர்ந்து வரும். அவர்கள் கடைசியாக அனுப்பியதற்குக் கிலோவுக்குத் தொண்ணூற்றைந்து ரூபாய் போட்டிருந்தோம். நானும் தொண்ணூற்றைந்து எழுதி, டீச்சருக்குப் போன் செய்தேன்.

"தொண்ணூத்தஞ்சுங்களா சார்?" என்றார். குரல் இறங்கிவிட்டது. "ருசி பார்த்தீங்களா?"

"பார்த்தேங்க டீச்சர்."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"நல்லாத்தானுங்க பார்த்தேன்."

"உங்க குரல் ஒரு மாதிரி இருக்குங்களே?"

"பனிங்க டீச்சர், வேற ஒண்ணும் இல்ல."

"சரிங்க, உங்களுக்குத் தெரியாததா?" என்றார்.

தம்பி தங்கைகளே, விற்கிறவர் அந்த வார்த்தையைச் சொன்னால் பயப்படுங்கள். எனக்குப் பயம் வரவில்லை, தும்மல்தான் வந்தது.

ஏல நாள். நல்ல மழை. மேலே எங்கேயோ மரம் விழுந்து, குன்னூரில் பாதி இடத்தில் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. எங்கள் ஆபீசில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது, தனி லைனும் இருந்தது, அதனால் திரை தெரிந்தது. வழக்கமாக முட்டி மோதும் வாங்குகிறவர்களில் பலரைக் காணவில்லை. ஏலத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே டீச்சரின் லாட், இருபது மூட்டை, திரையில் வந்தது.

ஒரே ஒரு ஆள் தொண்ணூற்றாறு கேட்டார். கடிகாரம் ஓடியது. வேறு யாரும் கேட்கவில்லை. நான் நிஜமாகவே இருமினேன். பெட்டிக்குக் காது இல்லை. ரிசர்வைத் தாண்டியாயிற்று, நேரம் முடிந்தது, 'விற்றது' என்று திரை பச்சையாக மாறியது.

ஒரு நிமிடம் கழித்து என் செல்போன் அடித்தது. கோயம்புத்தூரிலிருந்து மணி அண்ணாச்சி. வாங்கியவர் அவர்தான். இருபது வருடமாகப் பழக்கம், சந்தோஷமாக இருந்தாலும் சண்டை போடுகிற குரலில் பேசுகிற மனிதர்.

"ஏனுங்க, மிஷின் கெட்டுப் போச்சுங்களா?"

"ஏன் அண்ணாச்சி?"

"நான் சும்மா தொடக்கத்துக்கு ஒரு தொண்ணூத்தாறப் போட்டேன். வித்துப்போச்சுன்னு காட்டுது! நான் அந்த டீக்கு நூத்தி நாப்பத்தஞ்சு வரைக்கும் போலாம்னு எழுதி வெச்சிட்டு உக்காந்திருக்கேன்!"

எனக்குக் கால் மரத்துப் போனது. மூக்கு ஏற்கெனவே மரத்துத்தான் இருந்தது.

"அப்ப... திருப்பிக் குடுத்துருவீங்களா அண்ணாச்சி?"

அவர் சிரித்தது பக்கத்து மேஜைக்குக் கேட்டிருக்கும். "விக்கறவனுக்கே அவன் சரக்கு என்னன்னு தெரியல. நான் எதுக்குச் சொல்லோணும்? சாம்பிள் எனக்கு வந்துச்சு, உங்களுக்கும் வந்துச்சு. நான் குடிச்சேன். நீங்க என்னத்தக் குடிச்சீங்க?"

போனை வைத்துவிட்டார். பத்தாவது நிமிடம் எல்லோருக்கும் நெட் வந்தது. அடுத்த லாட்டுகளுக்கு அடிதடியாக விலை ஏறியது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தேன். கூட்டம் இருக்கும் நாளில் ரிசர்வில் என்ன எழுதியிருந்தாலும் விலை தானாக ஏறிவிடும். இத்தனை வருடம் என் எண்கள் எல்லாம் சரியாக இருந்ததாக நான் நினைத்துக்கொண்டிருந்தது அதனால்தான். யாரும் வராத நாளுக்காகத்தான் அந்த ரிசர்வ் கட்டமே இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

டீச்சருக்குப் போன் போட்டுச் சொன்னேன். மழை, மரம், கரண்ட் என்று காரணங்களை அடுக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நேர்ல வாங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். மூக்கு திறந்திருந்தது. ஃபேக்டரி வாசலில் இலை எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மூட்டையிலிருந்து கொட்டிய இலையைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். நான்கு இலை, ஐந்து இலை, விரல் நீளக் காம்பு. கத்திரி இலை. மூட்டைக்குச் சொந்தக்காரர் பெள்ளி அண்ணன், சங்கத்திலேயே மூத்த விவசாயி. பக்கத்துப் படுகர் ஊர்க்காரர்.

"இவங்கதான் மதிப்புப் போடறவங்க" என்று டீச்சர் என்னைக் காட்டினார்.

பெள்ளி அண்ணன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ரெண்டு மாசம் கையில கிள்ளினோமுங்க. ரெண்டு எலை, ஒரு மொட்டு. டீச்சர் ஊடு ஊடா வந்து கும்பிட்டாங்க, நல்லதாக் குடுத்தா வெலை தானாச் சொல்லும்னாங்க. எடை பாதியாப் போச்சு. கூலி எச்சாப் போச்சு. வெலை சொல்லிருச்சுங்க, தொண்ணூத்தாறு. கத்திரிக்கும் அதே வெலைன்னா நான் எதுக்குங்க கையக் கெடுத்துக்கோணும்?"

இரண்டு மாதக் கைக்கிள்ளலா? நான் குடித்த அந்த வெந்நீரா? இதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது கோப்பைதான், அது சொல்லியிருக்கும், கேட்கத்தான் ஆள் இல்லை.

"ஒம்பது குடும்பம் மறுபடியும் கத்திரி எடுத்தாச்சுங்க சார்" என்றார் டீச்சர். "மீதிப் பேரு இந்த மாசம் முடியற வரைக்கும் பொறுக்கறோம்னு சொல்லியிருக்காங்க. உள்ள வாங்க."

உள்ளே மேஜையில் நான்கு கோப்பை, பால் இல்லாத டீ. எந்தப் பெயரும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அடியில் மடித்த சீட்டு. டீச்சர் பரீட்சை ஹாலில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நானும் ஒரு காலத்தில் கணக்குப் பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதியவன்தான். இங்கே பக்கத்தில் ஒருவரும் இல்லை.

முதல் கோப்பை சுமார். இரண்டாவது புகை வாடை. மூன்றாவதை உறிஞ்சினேன். துப்ப மறந்துவிட்டேன். முப்பத்தோரு வருடத்தில் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் நான் விழுங்கியிருக்கிறேன். நாக்கில் ஒரு சுறுசுறுப்பு, மூக்கில் ஏதோ பூ வாசம், விழுங்கிய பிறகும் தொண்டையில் இனிப்பு நின்றது.

"இது எந்த எஸ்டேட்டுங்க டீச்சர்? எதுவா இருந்தாலும் நூத்தி நாப்பதுக்குக் கம்மியா விட்றாதீங்கன்னு சொல்லுங்க."

டீச்சர் மூன்றாவது சீட்டை எடுத்துப் பிரித்து என் முன்னால் வைத்தார். அவர்களுடைய லாட்தான். அதே தொண்ணூற்றைந்து ரூபாய் டீ.

"அப்போ அன்னிக்கு ருசி பார்த்தது யாருங்க சார்?"

சொல்லிவிட்டேன். மூக்கடைப்பு, பழைய ஷீட், வெந்நீர், எல்லாவற்றையும். இப்படி உண்மையைச் சொன்னது எனக்கே அதிர்ச்சிதான்.

டீச்சர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முப்பது வருஷம் லீவ் லெட்டர் வாங்கியிருக்கேன் சார். ஜலதோஷம்னு எழுதிக் குடுத்த எந்தப் புள்ளையையும் நான் அடிச்சதில்ல" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார். "சரக்குல பாதியத்தான் அனுப்பினேன். எல்லாப் பேப்பரையும் ஒரே நாள்ல குடுக்கற பழக்கம் எனக்கு இல்லீங்க. இன்னும் இருபது மூட்டை இருக்கு. ரிசர்வ் எவ்வளவு போடலாம், சொல்லுங்க."

நான் மனதில் கணக்குப் போட்டேன். இந்த ஃபேக்டரி பெயருக்கு நூற்று நாற்பதை யாரும் பார்த்ததில்லை. விற்காமல் திரும்பினால் இவர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். "நூத்தி இருபத்தஞ்சு போடலாமுங்க. பத்திரமா இருக்கும்."

டீச்சர் என்னையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்பத்தானுங்க நூத்தி நாப்பதுக்குக் கம்மியா விட்றாதீங்கன்னு சொன்னீங்க? யாருதுன்னு தெரியறதுக்கு முந்தி? பேரு தெரிஞ்சதும் பதினஞ்சு ரூபாய் கொறஞ்சிருச்சுங்களா?"

எனக்கு வேலையில் கிடைத்த அடிகளில் பெரிய அடி அதுதான். அதுவரை எல்லாப் பழியையும் ஜலதோஷத்தின் தலையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன். இப்போது மூக்கு திறந்திருக்கிறது, நாக்கு நூற்று நாற்பது என்கிறது, கை மட்டும் சீட்டில் இருக்கும் பெயரைப் பார்த்து விலையைக் குறைக்கிறது. ஜலதோஷம் ஒரு வாரத்தில் போய்விட்டது. இது எத்தனை வருடமாக இருந்ததோ?

நூற்று நாற்பது போட்டேன்.

அடுத்த ஏலம். இந்த முறை மழை இல்லை, எல்லோரும் இருந்தார்கள். நூற்றுப் பத்தில் தொடங்கி, நூற்று இருபத்தைந்து, நூற்று முப்பத்து மூன்று, நூற்று முப்பத்தாறு என்று ஏறியது. நூற்று முப்பத்தொன்பதில் நின்றது. நான் நாற்காலி நுனிக்கு வந்தேன். நேரம் முடிந்தது. விற்கவில்லை. ஒரு ரூபாயில்.

உடனே போன் வந்தது. மணி அண்ணாச்சிதான். "நூத்தி முப்பத்தொம்பது என்னுதுங்க. இப்பவே குடுத்துருங்க. ஒத்த ரூபாய்க்குச் சரக்க ஊட்டுக்குக் கொண்டு போவீங்களா?"

டீச்சருக்குச் சொன்னேன். கொடுத்துவிடுங்கள் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது: "உங்க மூக்கு என்ன சொல்லுதுங்க சார்?"

சாம்பிளில் மறுபடி கொதிநீர் ஊற்றினேன். உறிஞ்சினேன். அதே பூ வாசம். நேரம் முடிந்த பிறகு ஒரு ரூபாய்க்காக இறங்கினால், அடுத்த வாரத்திலிருந்து யாரும் திரையில் விலை ஏற்ற மாட்டார்கள், கடிகாரம் நின்ற பிறகு எனக்குப் போன் போடுவார்கள். இன்னொரு பக்கம், கீழ் கோத்தகிரியில் பத்தொன்பது குடும்பம் கத்திரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. விற்காமல் இழுத்தால் அதுவும் என் தலையில்தான் விழும்.

"வேண்டாமுங்க டீச்சர்" என்றேன். என் குரலைக் கேட்டு நானே திடுக்கிட்டேன்.

"சரிங்க" என்றார். இந்த முறை 'உங்களுக்குத் தெரியாததா' என்று சொல்லவில்லை.

அந்த ஒரு வாரம் நான் தூங்கியதை என் மனைவியிடம் கேளுங்கள். அடுத்த ஏலத்தில் இரண்டு பேர் மோதி, நூற்று நாற்பத்தேழுக்குப் போனது. வாங்கியவர் மணி அண்ணாச்சி. "எட்டு ரூபாய் தண்டம் கட்ட வெச்சிட்டீங்களே!" என்று என்னைத் திட்டினார். அவர் திட்டி நான் சந்தோஷப்பட்ட ஒரே தடவை அதுதான்.

பத்தொன்பது குடும்பம் கையில் கிள்ளுவதைத் தொடர்ந்தது. கத்திரி எடுத்த ஒன்பதில் மூன்று திரும்பி வந்தது. ஆறு வரவில்லை. பெள்ளி அண்ணன் வரவில்லை. அன்றிலிருந்து நான் டப்பாவின் பெயரைப் பேப்பர் சுற்றி மறைத்துவிட்டுத்தான் ருசி பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஓய்வு பெறும் நாள் வரை கேட்டலாக் மூடுகிற நாள் காலையில் டீச்சர் போன் செய்து, வணக்கம்கூடச் சொல்லாமல், "சார், மூக்கு எப்படி இருக்குங்க?" என்று கேட்பார். இரண்டு முறை "அடைச்சிருக்குங்க" என்று சொல்லி லீவ் போட்டேன். வானம் இடிந்து விழவில்லை.

இதோடு முடிக்கலாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் கோத்தகிரி பஸ்ஸில் பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். மடியில் சாக்கு சுற்றிய கத்திரி, சாணை பிடித்து எடுத்துக்கொண்டு போகிறார். பெள்ளி அண்ணன். எனக்கு முன்னால் அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்கதானுங்களே டீ குடிக்கறவரு?"

"ரிட்டயர் ஆயாச்சுங்க அண்ணா."

வெளியே தேயிலைச் சரிவுகள் போய்க்கொண்டிருந்தன. கத்திரி வெட்டிய சரிவு மேஜை மாதிரி மட்டமாக இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த ரெண்டு மாசம் நாங்க கிள்ளினமே, அந்த டீய நீங்க குடிச்சீங்கன்னு டீச்சர் சொன்னாங்க. எப்படிங்க இருந்துச்சு?"

நான் அதிர்ந்து போய் அவரைப் பார்த்தேன். "நீங்க குடிச்சதில்லீங்களா?"

"நாங்க எங்கிங்க குடிக்கறது? எலைய எடை போட்டுக் குடுத்தா எங்க வேலை முடிஞ்சுது. ஊட்ல கடைத் தூள்தான். அப்புறம் நூத்தி நாப்பத்தேழுக்குப் போச்சுன்னாங்க. அது டீச்சரோட சாமர்த்தியம்னு நெனச்சுக்கிட்டோம். எலை நல்லா இருந்துச்சுன்னு எங்ககிட்ட ஆருஞ் சொல்லலீங்க. தொண்ணூத்தாறுன்னுதான் சொன்னாங்க."

அவர் கிள்ளிய இலையைப் பற்றி அவருக்குப் போய்ச் சேர்ந்த ஒரே வார்த்தை, நான் எழுதிய எண்ணுக்கு மேல் ஒரு ரூபாய். அந்த எண்ணையும் நான் ருசி பார்க்காமல் எழுதியிருந்தேன்.

சொன்னேன். நாக்கில் சுறுசுறுப்பு என்றேன், பூ வாசம் என்றேன், துப்ப மறந்து விழுங்கிவிட்டேன் என்றேன், தொண்டையில் இனிப்பு எவ்வளவு நேரம் நின்றது என்றேன். அவர் ஒவ்வொன்றுக்கும் "அப்படிங்களா?" என்றார். கண்டக்டர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். அவர் இறங்கும் இடம் வந்தது. எழுந்தார், இரண்டடி போனார், திரும்பி வந்தார்.

"விழுங்கிட்டீங்களா?"

"விழுங்கிட்டேனுங்க."

பெள்ளி அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே, சாக்கு சுற்றிய கத்திரியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.